திரைக்குப் பின்னால் மாதா பாட்டு

நான் வாயால் பிழைப்பவன். எங்கள் மாவட்டத்துத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி நடத்திய பழைய கானமேளா குழுக்கள், அவர்கள் பாடிய பாட்டு, அவர்களைச் சுற்றி நடந்த குற்றங்கள், இவற்றை வைத்து ஒரு பாட்காஸ்ட் நடத்திக்கொண்டிருந்தேன். இலவசமாகப் பல பேர் கேட்பார்கள். சந்தா கட்டிய நாற்பத்தொரு பேருக்கு மட்டும் மாதம் ஒரு கூடுதல் பேட்டி வாட்ஸ்அப்பில் போகும். அப்படிப் போன ஒரு பேட்டிதான் ஒரு பெண்ணின் வாயில் மண்ணை அள்ளிப் போட்டது.

2019 தொடக்கத்தில் லீமா என்னைத் தேடி வந்தாள். நெய்யூரில் ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை செய்பவள். அவள் கணவன் டைட்டஸ் ஒரு காலத்தில் பேர்பெற்ற கானமேளாப் பாடகன், இப்போது பாளையங்கோட்டைச் சிறையில் ஆயுள் கைதி. 2008இல் புதுக்கடைப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் மாதா கோயில் திருவிழா. டைட்டஸோடு சண்டை போட்டுக் குழுவை விட்டுப் போன கீபோர்டுக்காரன் டிஜோவுக்கு, மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கேசட் கடை. அன்று இரவு ஏழு இருபத்தைந்துக்கு அவனிடம் பேட்டரி வாங்கியவர் இருக்கிறார். ஏழு முப்பத்தைந்துக்கு அவனைப் பிணமாகப் பார்த்தவரும் இருக்கிறார். கொலைப் பழி டைட்டஸ் மேல் விழுந்தது.

அந்த நேரத்தில் மேடையில் மாதா பாட்டு பாடிக்கொண்டிருந்தேன் என்று டைட்டஸ் சொன்னான். எங்கள் பக்கம் முதல் பாட்டு மாதா பாட்டுதான், அதற்குத் திரை மூடியே இருக்கும். பாட்டு முடியும்போதுதான் விலகும். ஊரே கேட்டது, ஒருத்தரும் பார்க்கவில்லை. குழுக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். கூட்டாளிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று கோர்ட்டில் அது எடுபடாமல் போயிற்று.

"அண்ணே, நானும் கூட்டத்துல இருந்து கேட்டேன். கட்டினவளுக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? அவிய பாடிக்கிட்டு நின்னாவ" என்றாள் லீமா. பதினொரு வருஷமாக மாதம் இரண்டு தடவை பஸ் பிடித்துப் போய்க் கணவனைப் பார்த்துவிட்டு வருகிறவள். எனக்கே வெட்கமாக இருந்தது. நான் சொந்தத் தம்பியைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

தேடினேன். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகத் திருவிழாவை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைக்கும் வழக்கம் அந்த ஊர் வீடுகளில் அப்போதும் இருந்தது. அப்படி ஒரு கேசட் கிடைத்தது. டைட்டஸ் குரலில் எட்டு நிமிட மாதா பாட்டு, நடுவில் கோயில் மணிக்கூண்டு ஏழரைக்கு அடிக்கும் ஒற்றை அடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பாகமாக நிகழ்ச்சி போட்டேன். நிலுவையில் இருந்த மேல்முறையீட்டில் அந்த கேசட்டைப் புதுச் சாட்சியமாக வைக்க டைட்டஸின் வக்கீல் மனுப்போட்டார். அன்றைக்கு லீமா ஒரு பொட்டலம் நிறைய ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

நான் அதோடு நின்றிருக்கலாம். சந்தாதாரர்களுக்கு அந்த மாதம் ஏதாவது தர வேண்டுமே! அருமனையில் பகவதியப்பன் இருந்தார். 2006 வரை அதே குழுவுக்கு மிக்சிங் பார்த்தவர், பிறகு மஸ்கட் போய்த் திரும்பியவர். கொலையைப் பற்றிக் கேட்க நான் போகவில்லை. எக்கோ மெஷின் எப்படி வைப்பீர்கள், மழை வந்தால் ஸ்பீக்கரை என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டேன். மனிதர் குஷியாகிவிட்டார்.

"மாதா பாட்டு மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமா கேக்கும்?" என்றேன்.

"மக்கா, அது சிடியாக்கும்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "டைட்டஸ் ஒருக்கா ஸ்டுடியோவில பாடி வச்சான். பொறவு எல்லா ஊரு திருநாளுக்கும் அதத்தான் போட்டோம். திரை மூடிக் கெடக்கும்பம் ஆருக்குத் தெரியும்? அவனுக்குத் தொண்டை மிச்சம், எனக்கு வேலை மிச்சம்."

நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். பதிவில் இருக்கிறது. பாட்டுக் கிறுக்கனுக்கு இதைவிட நல்ல தொழில் ரகசியம் கிடைக்குமா? கொலையைத் துப்புத் துலக்குகிறேன் என்று ஊருக்குள் பீற்றிக்கொண்டவன் அந்த நிமிஷத்தில் எங்கே போனான் என்று தெரியவில்லை. மறுநாள் மத்தியானமே நாற்பத்தொரு பேருக்கும் அனுப்பினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, அதுதான் கொடுமை.

இரண்டு நாள் கழித்து செல்வன் என்பவர் போன் செய்தார். டிஜோவின் அண்ணன். என் சந்தாதாரர்களில் ஒருவர். தம்பியின் கொலையைப் பற்றி ஒருவன் பேசினால் அண்ணன் சந்தா கட்டிக் கேட்கமாட்டானா? அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி, நல்லா இருப்ப. கேசட் வந்த நாள்ல இருந்து எங்க அம்ம சாப்பிடல. குத்தவாளிய விட்டுருவாங்களோன்னு பயம். உன் பேட்டிய அரசு வக்கீல்ட்ட குடுத்துட்டேன்" என்றார். அழுதார். அவர் அழ அழத்தான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. அனுப்பியதை அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டிருந்தது.

பகவதியப்பனிடம் ஓடினேன். "2008ல நீங்க குழுவுல இல்லையே, அன்னைக்கு அவர் நிஜமாவே பாடியிருக்கலாம் இல்லையா?" என்று கெஞ்சினேன்.

"பாடியிருக்கலாம்" என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. "ஆனா சிடி கையில இருக்கும்பம் என்னத்துக்கு மக்கா பாடணும்?"

கேசட்டைப் பற்றி இனி வாய் திறந்தால் நமக்கே அடி என்று டைட்டஸின் வக்கீல் மனுவைத் திரும்பப் பெற்றார். அக்டோபரில் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. அடுத்த மாதம்தான் நெய்யூருக்குப் போக எனக்குத் துணிச்சல் வந்தது. லீமா சமையல்கட்டின் பின்வாசலுக்கு வந்தாள். மன்னிப்பு என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள்.

"அவியகிட்ட கேட்டேன் அண்ணே. தலையக் குனிஞ்சிட்டாவ. பொறவு, சிடிதான்னு சொன்னாவ. மேடைக்குப் பொறத்தால தனியா நின்னு பீடி குடிச்சாவளாம். சொன்னா ஆரும் நம்ப மாட்டாவன்னு, பாடினேன்னு சொல்லிட்டாவளாம்."

"அது உண்மையாவும் இருக்கலாம் லீமா."

"இருக்கலாம். ஆனா போற தடவையெல்லாம், நீங்க பாடினத நான் கேட்டேன்னு சொல்லுவேன் அண்ணே. ஆமான்னு தலையாட்டுவாவ. பதினொரு வருசம் என்கிட்டயும் ஆட்டினாவ."

நான் எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, "இந்த மாசம் பாக்கப் போனியா?" என்றேன்.

"இல்ல. போன மாசமும் போகல. கேசு தோத்ததுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்லல அண்ணே. கேசு தோத்தாலும் நான் போயிட்டுத்தான் இருந்திருப்பேன்."

உள்ளேயிருந்து கஞ்சி வடிக்கக் கூப்பிட்டார்கள். போனாள். டைட்டஸ் கொன்றானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொல்லவில்லை என்று நம்பியவள் உலகத்தில் ஒரே ஒருத்தி இருந்தாள். அவளும் இப்போது நம்பவில்லை.