ஒன்பது மணிக் காபி

வேலை கிடைக்கும்வரை காபி குடிப்பதில்லை என்று ஜனவரியில் முடிவு செய்தேன். வேலை என்றால் நிரந்தர வேலை. கோடைக்கு மட்டும், யாரோ பிரசவ விடுப்பில் போன இடத்துக்கு மட்டும் என்பதெல்லாம் கணக்கில் சேராது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் பார்த்துச் சலித்துத்தான் வடக்கே பனி விழும் ஊலு நகரத்தில் தங்கை வீட்டுச் சோபாவில் வந்து விழுந்திருந்தேன்.

அப்பா கட்டடங்களில் கம்பி கட்டியவர். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் தளத்தில் நாள் முழுக்கக் குனிந்து கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கி, ஐம்பது வயதுக்குள் நிமிர முடியாமல் போனவர். அம்மா மீன் தொழிற்சாலையில் ஈரக் கையோடு நின்றவள். எங்கள் வீட்டில் காபி என்பது வேலைக்கு நடுவில் கிடைக்கும் பொருள். வேலை இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்து குடிப்பதை அப்பா திருட்டுக் காபி என்பார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் வேலை போனபிறகு, மத்தியானத்துக்குள் ஒரு கெட்டில் முழுக்கக் காலி செய்துவிட்டு அடுத்ததைப் போட எழுந்திருக்கும்போது அதுதான் காதில் கேட்டது.

இதற்கு முன்னாலும் என்மேல் நானே சில சோதனைகளைச் செய்து பார்த்திருந்தேன். விடியுமுன் எழுந்து உடை மாற்றி உட்கார்ந்தேன். சோபாவில் சாய்ந்துவிடக் கூடாதென்று இரும்பு முனை வைத்த பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு விண்ணப்பங்கள் எழுதினேன். மதியம்வரை கைபேசியைத் தொடாமல் ஒரு வாரம் இருந்தேன். அந்த வாரத்தில்தான் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். தினம் தெரியாத ஒருவரிடம் பேசிப் பழகினால் நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டாது என்று எங்கோ படித்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தில் பேசுகிறவர் குடித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்ப்பார்கள். ஒரு கிழவர் என்னிடமிருந்து தப்பிக்க, கூரையை விட்டு வெளியே போய்ப் பனி மழையில் நின்றார்.

எல்லாம் இன்ஜினியர் புத்தி. ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன ஆகிறதென்று பார். ஒன்றும் ஆகவில்லை.

காபியை விட்ட முதல் வாரம் மண்டை பிளந்தது. பிறகு வலி போய்விட்டது, பரபரப்பு மட்டும் தங்கிவிட்டது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. தங்கை பின்யா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வந்து என் எதிரில் உட்கார்ந்து, வேண்டுமென்றே சத்தம் போட்டுக் காபியை உறிஞ்சுவாள்.

"அக்கா, நீ குடிக்காம இருந்தா வேலை குடுக்கிறவனுக்கு என்ன நஷ்டம்? காபிக் கடைக்காரன் வேணும்னா அழுவான்."

ஏப்ரலில் தெர்ஹோ என்பவரிடமிருந்து போன் வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த சின்ன கம்பெனியில் அவர் தள மேலாளர். அங்கிருந்த இன்ஜினியர் திடீரென்று விட்டுப் போய்விட்டாராம். நிரந்தர வேலைதான், முதல் ஆறு மாதம் வழக்கம்போலத் தகுதிகாண் காலம் என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

போனேன். பனி உருகிச் சேறாகிக் கிடந்த இடத்தில் ஒரு தகரப் பெட்டிதான் அலுவலகம். தெர்ஹோ கை குலுக்கிவிட்டு, கேட்காமலே காபியை ஊற்ற வந்தார். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் கோப்பையின்மேல் கையை வைத்தேன். அவர் கெட்டிலைத் தூக்கியபடியே நின்றார். இந்த நாட்டில் சர்ச்சுக்குப் போகாதவர்களை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். காபி வேண்டாம் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். என் சபதத்தைச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஒரு மாடித் தளத்தை என்னை நம்பி விடப்போகிற ஆளிடம் சொல்கிற கதையாக அது தெரியவில்லை.

காலையிலிருந்து வயிறு சரியில்லை என்றேன்.

தெர்ஹோ கெட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

அதற்குப்பின் தளத்தைச் சுற்றினோம். இரண்டாம் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கீழேயிருந்து பார்க்கும்போதே ஓரத்தில் கம்பிகள் பலகைமேல் படுத்துக் கிடப்பது தெரிந்தது. கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் வைக்கிற கட்டைகள் நகர்ந்திருக்க வேண்டும். அப்படியே கான்கிரீட் போட்டால் சில வருடங்களில் துரு வெளியே தெரியும் என்றேன். ஏறிப் பார்க்கலாம் என்று ஏணியில் கை வைத்தேன். தெர்ஹோவின் கை குறுக்கே வந்தது. அவசரமில்லை, இங்கிருந்தே பார்த்தால் போதும் என்றார். பலகைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த இடத்தில், வாடை வராத பக்கமாக என்னைச் சுற்றி அழைத்துப் போனார். யாரோடு இருக்கிறேன் என்று கேட்டார். தங்கையோடு என்றேன். வேறு யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். திரும்பி நடக்கும்போது, இப்போதைக்கு ஆகஸ்ட் வரைக்கும் என்று எழுதிக்கொள்ளலாம், பிறகு நிலைமையைப் பார்க்கலாம் என்றார். போனில் நிரந்தரம் என்றீர்களே என்று கேட்டதற்கு, நிலைமை மாறும் இல்லையா என்று சொல்லி வேகமாக முன்னால் போய்விட்டார்.

ஏணியில் ஏறாமல் தப்பு கண்டுபிடித்தது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக் கொட்டகைக்குள் வந்தார்கள். ஈரக் கையுறைகள் ஹீட்டர்மேல் விழுந்தன. காபி வாசனை சுவர்வரை அடைத்து நின்றது. என் வாய் ஊறியது. ஆர்வி என்று ஒருவர், கான்கிரீட் ஆள், அங்கே தொழிலாளர் பிரதிநிதியும் அவர்தான். தெர்ஹோ அவர் காதில் ஏதோ சொன்னதும் ஆர்வி எனக்காக ஒரு நாற்காலியைக் கதவோரம் காற்று வருகிற இடத்தில் இழுத்துப் போட்டார். தன் பையிலிருந்து உப்பு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"தின்னும்மா. என் பொண்ணுக்கு ரெண்டு தடவையும் காலையில இதுதான் வயித்துல தங்கிச்சு."

முதலில் புரியவில்லை. பிறகு ஏணி புரிந்தது, எண்ணெய் வாடை புரிந்தது, ஆகஸ்ட் புரிந்தது. காலையில் வயிறு சரியில்லாத, காபி வேண்டாம் என்கிற, என் வயதுப் பெண். அதைத் தெர்ஹோ கேட்க முடியாது, கேட்டால் சட்டப்படி தப்பு. அதனால் கேட்காமலே பதிலை வைத்துக்கொண்டார்.

ஒரு வாய் காபி குடித்தால் எல்லாம் சரியாகிவிடும். அல்லது சிரித்துக்கொண்டே அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. கடைசியாக நான் வேலை பார்த்த இடத்தில், யாருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனோ அவள் குழந்தையோடு திரும்பி வந்தபோது அந்த வேலையே இப்போது இல்லை என்றார்கள். அடுத்த வாரம் எனக்கும் அதையே சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்லி இந்த வேலையை வாங்கிவிடலாம். நாளைக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டி வந்தால்?

"தெர்ஹோ, போன்ல நிரந்தரம்னீங்க. இப்ப ஆகஸ்ட்ங்கறீங்க. நடுவுல நான் ஒரு கப் காபி வேண்டாம்னு சொன்னேன். அதைத் தவிர என்ன மாறிச்சு?"

ரொட்டி மென்ற வாய்கள் நின்றன. முதலாளி, பட்ஜெட், பள்ளி திறக்கும் தேதி என்று தெர்ஹோ ஏதேதோ சொன்னார். எதையும் முடிக்கவில்லை.

"என் வயித்துல இருக்கிறதும் இல்லாததும் உங்க பட்ஜெட்ல வராது. எதுன்னு நான் சொல்லப்போறதும் இல்ல."

ஆர்வி தன் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் ஒரு கிறுக்கன், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம. ஆனா தெர்ஹோ, இந்தப் பொண்ணு சொல்றது சரி. முதலாளிக்கு நீ போன் போடறியா, சங்கத்துக்கு நான் போடட்டுமா?"

தெர்ஹோ வெளியே போனார். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சேற்றில் வட்டம் வட்டமாக நடப்பது ஜன்னலில் தெரிந்தது. உள்ளே யாரோ ஒருவர் ஹீட்டரில் கிடந்த கையுறையைத் திருப்பிப் போட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆகஸ்ட் வரைக்குமாவது சம்பளம் வந்திருக்குமே, அதையும் கெடுத்துக்கொண்டேனே என்றும் இருந்தது.

தெர்ஹோ வந்தார். நிரந்தரம்தான், முதலில் சொன்னபடி என்றார். ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்பதை அழுத்திச் சொன்னார். அதற்குள் எந்த நாளிலும் பெரிதாகக் காரணம் தேடாமல் அனுப்பிவிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் சரி என்றேன்.

"அப்பாடா. இப்பவாவது ஒரு கப் குடிங்க" என்று கெட்டிலை எடுத்தார்.

ஊற்றியும் விட்டார். ஆவி என் முகத்தில் பட்டது. வேலை கிடைத்துவிட்டது, சபதம் முடிந்தது, இனி யாரும் திருட்டுக் காபி என்று சொல்ல முடியாது. கையை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன்: கொட்டகையில் இருந்த அத்தனை கண்ணும் அந்தக் கோப்பைமேல் இருந்தது. தெர்ஹோவின் தோள் லேசாக இறங்கத் தயாராக நின்றது. நான் குடித்தால் அவருக்குப் பதில் கிடைத்துவிடும். இத்தனை நேரம் சொல்ல மாட்டேன் என்று பிடித்து வைத்திருந்ததை ஒரு மடக்கில் சொல்லிவிட்டது போலாகும்.

கோப்பையை ஆர்வி பக்கம் நகர்த்திவிட்டு, எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். பிறகு ஏணியில் ஏறினேன். இந்த முறை குறுக்கே கை வரவில்லை. கட்டைகள் நகர்ந்துதான் இருந்தன.

சாயங்காலம் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நின்றபடியே குடித்தேன். கருகிப்போன காபி. நாக்கைச் சுட்டது. இன்னொன்று வாங்கினேன்.

வீட்டில் பின்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, நாளையிலிருந்து அங்கே குடிப்பேனா என்று கேட்டாள். ஆறு மாதத்துக்கு மாட்டேன் என்றேன்.

"பைத்தியமா நீ? அதுக்குள்ள வயிறு தெரியலைன்னா அவங்களுக்கே விளங்கிடும்."

"விளங்கட்டும். நானா சொல்ல மாட்டேன்."

"அதுக்குள்ள அந்த ஆளு துரத்திட்டா?"

காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய பாட்டிலைத் தேடி எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிப் பையில் வைத்தேன்.