நானூறு காட்டிய பாய்

என் புருசனுக்கு இரண்டு பெண்சாதிகள். ஒன்று நான், மற்றது அறுபத்தேழாம் ஆண்டு கொழும்பில் இருந்து வந்த நானூறு மில்லிமீற்றர் லென்ஸ். அதைத்தான் தினமும் மெல்லிய துணியால் துடைப்பார்.

தில்லைநாதன் பருத்தித்துறையில் ஸ்டூடியோ வைத்திருந்தாலும் அவர் மனம் கல்யாணப் படத்தில் இல்லை. பறவையும் கடலும்தான். "கடலையும் வானத்தையும் முழுசா அள்ள இருபத்தெட்டு லென்ஸ் வேணும். கொக்கின்ரை கண்ணைப் பிடிக்க நானூறு வேணும். ஆனா நானூறு பொய்க்காரன். தூரத்தைச் சுருட்டிப்போடும். மைல் கணக்கிலை தள்ளி நிக்கிறதையும் பக்கத்திலை கொண்டு வந்து ஒட்டிவிடும்" என்று தேத்தண்ணி குடிக்க வந்தவனுக்குக்கூடப் பாடம் எடுப்பார். இருட்டறையில் படம் கழுவுகிற எனக்கு அது மனப்பாடம்.

கார்த்திகை மாதத்து ஒரு பின்னேரம் கரையில் ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸாலும் படம் எடுத்தார். அன்று மத்தியானம் கடலுக்குப் போன என் அண்ணை முத்துக்குமாரு விடிந்தும் திரும்பவில்லை. இரவெல்லாம் காற்று பேயாட்டம் ஆடியிருந்தது.

அண்ணையின் வள்ளம் எங்காவது விழுந்திருக்குமோ என்று பதறியடித்துப் படங்களைக் கழுவினோம். நானூறில் கரையோர முருகைக்கல் பாறையும் அதில் ஒரு கொக்கும் இருந்தன. கொக்குக்குப் பின்னால், எங்கள் அண்ணையின் வள்ளத்து ஒட்டுப்போட்ட பாய்! இருபத்தெட்டில் அதே பாறை நகத்தளவுதான். அதற்கப்பால் வெறும் கடல், வானம் தொடுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"தூசி" என்று இவர் தூரிகையில் மை தொட்டுப் புள்ளியை மறைத்தார்.

"இஞ்சேருங்கோ, தூசியில்லை! அண்ணையின்ரை பாய் அது. எவ்வளவு தூரத்திலை நிக்குது, பாருங்கோ!"

அதற்குள் அண்ணையின் கூட்டாளி அருளம்பலம் ஆட்களோடு வந்து நானூறின் படத்தைத் தூக்கிவிட்டார். "பாறைக்குப் பக்கத்திலைதானே நிண்டிருக்கிறான்! கல்லிலை அடிபட்டிருப்பான். வாங்கோடா, கிட்டத் தேடுவம். தில்லை, என்னமாய்ப் பிடிச்சிருக்கிறாய்!"

இவர் சிரித்தார். ஐயோ, அந்த நேரத்தில் சிரித்தார்!

"தூரப் போய்த் தேடுங்கோ, நானூறு பொய் சொல்லுது" என்று நான் கத்தினேன்.

"உவளுக்கு என்ன தெரியும்" என்றார் இவர். ஊருக்குத்தான் உபதேசம். ஊரெல்லாம் சொன்ன பாடம் அன்று வாயில் வரவில்லை. நாசமாய்ப் போன பெருமை.

அன்றும் மறுநாளும் பாறையைச் சுற்றியே தேடினார்கள். அதற்கடுத்த நாள், வேறு ஊர் வள்ளக்காரர் வடக்கே ஆழ்கடலில் அண்ணையின் வள்ளத்தை உடம்போடு கண்டு இழுத்து வந்தார்கள். பாய்மரம் முறிந்திருந்தது. தண்ணீர்க் குடம் காய்ந்து கிடந்தது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று உடம்பைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அண்ணையின் படம் வேறு கிடையாது. அண்ணையின் பெண்சாதி, மச்சாள் தங்கமுத்து, அந்தக் கொக்குப் படத்தையே விளக்கடியில் மாட்டினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அன்று இவரைக் கூப்பிட்டு, பாறையில் ஒரு விரலும் பாயில் ஒரு விரலும் வைத்துக் காட்டினாள்.

"தம்பி, இவ்வளவு கிட்ட நிண்ட மனிசனை ஏன் ஒருத்தரும் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

இவர் மெல்லிய துணியை எடுத்து அந்தப் படத்தைத் துடைத்தார். நானூறு சொன்ன பொய்யை, அவருக்காக, நானும் மச்சாளுக்குச் சொல்லவில்லை.