முங்க மறுத்த கப்பல்

நான் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் மூன்றே முக்கால் அடி நீளம். கடற்படைக் கப்பல் ஒன்றின் படத்தைப் பார்த்து அறுபதில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்தது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தவன் நான்; விளையாட்டுச் சாமான் செய்யவில்லை. உள்ளே தண்ணீர் புகாத பிவிசி குழாய். அதற்குள் மோட்டார், பேட்டரி, மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சுகள் இரண்டு. அவை தண்ணீரை உறிஞ்சினால் கப்பல் கனத்து முங்கும். வெளியே தள்ளினால் எழும்பும். வெளிக்கூட்டை முட்டம் கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டும் டிஜோ செய்து தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்குளத்தின் மேற்குப் படித்துறையில் முங்கி, நடுவில் எழும்பும் என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் இல்லை.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தேன். கப்பல் அழகாகப் போனது, அழகாக இறங்கியது, முதுகு நனைந்ததும் குபுக்கென்று மேலே வந்தது. நான்கு தடவையும் அப்படித்தான்.

டீக்கடை ஸ்ரீஜித் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, அதுக்குத் தண்ணின்னா பயமாக்கும். ஒரு தோர்த்து குடுத்துத் தலைய தொவட்டி விடும்."

ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் சிரிஞ்சுகள் தாமாகத் தண்ணீரைத் தள்ளிவிடும்படி அமைத்திருந்தேன். கப்பல் குளத்தோடு போய்விடக் கூடாதே. அப்படியானால் முங்கியதும் சிக்னல் அறுகிறது. ஏன்?

அவமானத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. வீட்டுக்கு வந்ததும் கப்பலுக்குள் இருந்த ரிசீவரைக் கழற்றி, சிக்னல் வந்தால் எரியும் ஒரு சிறு பல்போடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தேன். நூலில் கல்லோடு கட்டி, தண்ணீர் டிரம்முக்குள் இறக்கினேன். இரண்டு விரல் ஆழத்தில் பல்பு எரிந்தது. ஒரு சாண் ஆழத்தில் அணைந்தது. தூக்கினால் எரிந்தது.

பக்கத்தில் வந்து நின்ற என் மனைவி பிச்சம்மாள், "இன்னொருக்கா எறக்குங்கோ" என்றாள். இறக்கினேன். மறுபடி அணைந்தது. அவள் என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள்.

"இதுல கம்பியே இல்லியே. மூத்த அத்தான் சவூதியிலேருந்து வந்து வயல்ல பொம்மை பிளேன் பறத்துனாவள்லா, அந்த ரிமோட்டுல தூண்டில் கம்பு கணக்கா நீளமா ஒண்ணு நிக்குமே."

அன்று மாலை முழுவதும் அதைப் பற்றித்தான் படித்தேன். அவள் சொன்னது சரி. புது ரிமோட்டின் அலை மிகக் குட்டையானது, தண்ணீர் அதை விழுங்கிவிடும். பழைய ரிமோட்டின் அலை நீளமானது, உப்பில்லாத தண்ணீரில் சில அடி இறங்கும்.

மூத்த அத்தான் என்று அவள் சொன்னது என் பெரியப்பா மகன் நாகேந்திரனை. கோயில் கொடை விழாவில் முதல் பரிவட்டம் யார் தலைக்கு என்ற தகராறில் பதினோரு வருடமாக நான் அந்த வீட்டுப் படியோ அவர் எங்கள் வீட்டுப் படியோ ஏறியதில்லை. உரிமை எங்கள் பக்கம்தான். இன்றும் அதையே சொல்வேன். அவர் வீட்டுக்குப் போனால் தோற்றுப்போய் வந்தான் என்பார்கள். போகாவிட்டால் கப்பல் முங்காது, ஞாயிற்றுக்கிழமை ஊர் சிரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கம்பி வைத்த ரிமோட் வேலை செய்யுமா என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை தேய்த்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன். நாகேந்திரன் முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி," என்றேன்.

"கடைக்காரன விளிக்கது மாதிரில்லா விளிக்க," என்றார் பேப்பரைத் தாழ்த்தாமல். "என்ன வேணும்?"

சொன்னேன். பேப்பர் தாழ்ந்தது.

"எத்தன அடி முங்கும்?"

"அது தெரியத்தான் வந்தேன்."

எழுந்து போய் ரிமோட்டையும் அதன் ஜோடி ரிசீவரையும் தூசி தட்டிக்கொண்டே கொண்டுவந்தார். "ஓட்டுகது நான்."

"கப்பல் என்னுதாக்கும்."

"ரிமோட்டு என்னுதுல்லா."

கடைசியில், முக்குவது அவர், எழுப்புவது நான் என்று முடிவானது.

அவரே இன்னொன்றையும் சொன்னார்: "இது பழைய செட்டுலே. சிக்னல் போச்சுன்னா தானா எழும்பாது. அடியில கெடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் முப்பது பேராவது இருந்தார்கள். நாகேந்திரன் கம்பியை முழுக்க இழுத்துவிட்டு ஓட்டினார். கப்பல் இறங்கியது. முதுகு மறைந்தது, அதன் மேல் நின்ற சிறு கோபுரமும் மறைந்தது. மேலே வரவில்லை. தண்ணீர் மூடிக்கொண்டது. அவர் ரிமோட்டை என் கையில் வைத்தார்.

என் விரல் விசையில் இருந்தது. நான் நகர்த்தவில்லை.

"எழுப்புலே," என்றார்.

"இன்னும் போவுதான்னு பாக்கணும்."

"சேத்துல குத்திரும்லே, கைலாசம்."

விசையைத் தள்ளினேன். ஒன்றும் வரவில்லை. பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் உப்பியது. கோபுரம் தெரிந்தது. ஆனால் குளத்தின் நடுவில் அல்ல, எங்களுக்கு இடது பக்கம், அல்லிக்கொடிக்கு அருகில், மூக்கு எங்களைப் பார்த்தபடி.

கைதட்டினார்கள். நான் கவனிக்கவில்லை.

"ஏன் திரும்பிச்சு?" என்றேன்.

"நான் நேராத்தான் பிடிச்சேன்," என்றார் நாகேந்திரன். "ஒன் சுக்கான் கோணல்."

"என் சுக்கான் கோணல் இல்ல. மேல நேராத்தானே போச்சு? அடியில மட்டும் எதுக்குத் திரும்புகு?"

அவர் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கப்பலைத் தூக்கினார். "வா, எங்க வீட்டு மேசையில வச்சுத் தொறந்து பாப்போம்."

"என் வீட்டுக் கப்பல என் வீட்டுலதான் தொறக்கணும்," என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, தண்ணீர் சொட்டும் கப்பலைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் தெருப் பக்கமாக நடந்தார்.