சின்ன ர

அம்மா போனபின் அக்காவுக்கு வந்த சேலை அது. துணிப்படக் கண்காட்சியில் வைக்கத் தங்கைக்கு இரவல் கொடுக்கும்போது ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"என்ன வேணா பண்ணு. கத்திரி மட்டும் படக்கூடாது. கண்காட்சி முடிஞ்சதும் நான் கட்டிக்கணும்."

தங்கை தையல்காரி. வயிற்றுக்கு ரவிக்கை தைப்பாள். மனசுக்குத் துணியில் காடும் மேடும் தைப்பாள். சேலை மண் நிறம், இருபுறமும் சிவப்புக் கரை. பார்த்ததுமே கை நிற்கவில்லை. கரை இரண்டையும் வெட்டி எடுத்தாள். சுருக்கி வளைத்து, நட்ட நடுவில் ஆறாக ஓடவிட்டாள். வெட்டிய ஓரங்களை உள்ளே மடித்துச் சட்டத்தில் ஆணி அடித்தாள். படத்துக்குப் பெயர் 'கரை'.

கண்காட்சிக்காரர் அட்டையில் 'கறை' என்று அச்சடித்திருந்தார். கீழே, 'நம் மண்ணின் அடையாளம்'.

திறப்பு நாளில் அக்கா வந்தாள். ஆற்றைப் பார்த்து, "கடையில வாங்கின நாடாவா? நல்லாருக்கு" என்றாள். பிறகு அட்டையைப் படித்தாள்.

"கறையா? யாரு சேலைடி கறை? அம்மா ஒரு சொட்டு எண்ணெய் பட விட்டிருப்பாளா? நாலு பேர் பாக்குற இடத்துல அழுக்குச் சேலைக்காரின்னு எழுதி ஒட்டியிருக்க. அதுக்கு அடையாளம்னு பேரு வேற!"

"அச்சுப் பிழைதாம்மா," என்றார் கண்காட்சிக்காரர். "ஆனா இப்படியே விட்டாலும் ஆழமாத்தான் இருக்கு. ரெண்டு பேர் அர்த்தம் கேட்டுட்டாங்க."

தங்கை யோசித்தாள். பெரிய ற இருக்கும்வரை அக்கா கறையைத் தேடுவாள். சின்ன ர வந்தால் கரையைத் தேடுவாள். வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் செத்தவள் மேல் அழுக்கைப் போட்டுவிட்டுத் தப்பிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

பேனா வாங்கி ற-வை அடித்து ர எழுதினாள். நுணல் கத்திக் கெட்டது. இவள் பிழை திருத்திக் கெட்டாள்.

அக்கா அட்டையைப் படித்துவிட்டுச் சேலையின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகுதான் ஆற்றைச் சரியாகப் பார்த்தாள்.

"வெட்டிட்ட."

"ஆமாக்கா."

"எந்த ஆத்துக்குக் கரை நடுவுலடி இருக்கு?"

தங்கை பேனாவை மூடினாள்.

"திரும்பச் சேத்துத் தைக்க வருமா?"

"வரும். நானே தச்சுடுவேன்."

"நீ கிழிச்சது போதும்," என்றாள் அக்கா. "கண்காட்சி ஓடுற வரைக்கும் ஓடட்டும். முடிஞ்சதும் பிரிச்சுக் குடு. வேற தையக்காரர் இருக்காரு."