மீசையின் இடது பாதி

தீபிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தபோது, எல்லாரும் அப்பாவின் மீசையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வெங்கடாசலம் விடிந்ததும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மீசைக்கு மை பூசியிருக்கிறார். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் தொடங்குமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இப்போது தலைச்சோலைக் கிராமத்து வீட்டு வாசலில், ஒரு பாதி மாப்பிள்ளையாகவும் மறு பாதி கிழவனாகவும் பெஞ்சில் படுத்திருந்தார். அழுதுகொண்டே வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் அழுகையை மறந்தார்கள்.

"முழுசா மழிச்சுரலாங்க," என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுவேல்.

"மீசையில்லாட்டி அவர எனக்கே அடையாளந் தெரியாதுங்க," என்று மூக்கைச் சிந்தினாள் அம்மா புஷ்பலதா.

"கருப்பக் கழுவிப் பாத்தாச்சு. போவ மாட்டீங்குது," என்றார் பெரியப்பா தங்கராஜ். "நொம்ப நல்ல சரக்கா வாங்கியிருக்கான்."

தீபிகாவின் பையில் மையும் பிரஷ்ஷும் இருந்தன. எடுக்கத்தான் முடியவில்லை. சேலத்து இலவசப் பயிற்சி நிலையத்தில் அவள் படிப்பது அழகுக்கலை. அப்பா ஊரில் சொல்லி வைத்திருந்தது கம்ப்யூட்டர். "ஊரான் காலத் தேச்சுக் கழுவற வேலைக்கா நம்மூட்டுப் புள்ளன்னு அண்ணன் நிறுத்திப்போடுவாரு கண்ணு," என்று அவர் பயந்தார். அந்தப் பொய்யினால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊர்க்காரர்களின் செல்போன்களை அவள் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. இரண்டு, உயிர் பிழைக்கவே இல்லை. ஒன்று பெரியப்பாவுடையது.

இனி குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். பையைத் திறந்தால் படிப்பு அதோடு முடிந்தது.

அம்மா அவள் காதருகே குனிந்தாள். "நாளைக்கு உங்க பள்ளிக்கோடத்துல பெத்தவங்கள வரச் சொல்லியிருந்தாங்களாமே. அதுக்குத்தான் கண்ணு பூசிட்டு இருந்தாரு. சட்டையெல்லாம் தேச்சு வெச்சிருக்காரு."

தீபிகா மனதுக்குள் மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டுப் பையைத் திறந்தாள்.

அப்பாவின் கழுத்தடியில் துண்டை விரித்தாள். மை ஒட்டாமலிருக்க உதட்டைச் சுற்றி எண்ணெய் தடவினாள். கிண்ணத்தில் குழைத்தாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க சார்," என்றாள், பழக்க தோஷத்தில். பிறகு தானே அந்தத் தலையை மெல்லத் திருப்பிக்கொண்டாள்.

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க தங்கராஜ், புள்ள கம்ப்யூட்டருதானுங்களே படிக்குது?" என்றார் பொன்னுவேல்.

பெரியப்பா தம்பியின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இதப் பாத்தா கம்ப்யூட்டராட்டமா இருக்குது?"

பிரஷ் பாதியில் நின்றது. தீபிகா நிமிரவில்லை.

"நின்னுட்டீன்னா எப்படி? பூசு," என்றார் பெரியப்பா. சற்றுப் பொறுத்து, "காரியம் முடிஞ்சு மக்யா நாளே கெளாசுக்குப் போயரலாமில்ல?" என்றார்.

"போலாங்க பெரீப்பா."

தூறல் விழத் தொடங்கியது. தூக்க வந்தவர்கள் பாடையருகே எழுந்து நின்றார்கள்.

"காயறதுக்கு எந்நேரமாவும் சாமி?" என்று அவளிடம் கேட்டார் பெரியப்பா.

"அர மணி நேரமாவுதுங்க."

பெரியப்பா அவர்களைப் பார்த்துக் கையமர்த்தினார். அவர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். பிறகு அவர் யாரிடமோ குடையை வாங்கி, தம்பியின் முகத்துக்கும் அவள் கைக்கும் மேலே விரித்துப் பிடித்தார். அவர் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது.