கோபுரம் தெரியும் வீடு

"எத்தனை மணிக்குப் போச்சு?" என்று சாஸ்திரிகள் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, கோமளம் வேட்டி நுனியை இழுத்துவிட்டுப் புருஷனின் பாதங்களை மூடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த சுப்பராமனுக்கு இனிமேல் குளிராது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தில் வைத்த விரலை எடுக்காமல், "பதினொண்ணு அடிச்சுப் பன்னெண்டு நிமிஷம் வரைக்கும் திருவோணம், ஒண்ணும் இல்லை. அதுக்கு மேல அவிட்டம். உயிர் போன ரூமை ஆறு மாசம் பூட்டி வைக்கணும்" என்றார்.

பூட்டிய அறையோடு வீட்டை எவன் வாங்குவான்? மகன் ஸ்ரீவத்சன் சாஸ்திரிகளின் விரலையே பார்த்தான்.

சித்திரக்குளத்துப் பக்கம் இந்த வீட்டின் கதை தெரியாதவர் கிடையாது. பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு ஐந்தாவது மாடியை வாங்கிக்கொண்டார்கள். மொட்டைமாடியில் பாதியை வளைத்துக் கட்டியதற்கு பென்ட்ஹவுஸ் என்று பெயர். கபாலி கோயில் கோபுரம் தெரியும் என்று விளம்பரம். தெரியும்தான், தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் போய்க் கழுத்தை ஒடித்தால். விற்றுவிட்டு பெங்களூரில் மகனோடு இருக்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் கோமளம். இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவரைத் தனியாகத் தூக்கி உட்கார வைத்தவள். ஊர் வம்பெல்லாம் பேசும் இரண்டாம் மாடிக்காரர்கள்கூட இதில் அவளைக் குறை சொன்னதில்லை. சுப்பராமன்தான், "நான் போனப்பறம் வித்துக்கோங்கோ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று காலை தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் தனபாலனும் மனைவி புஷ்பமும் வீடு பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்த்தால் வாங்குகிறவர்கள் மனசு மாறிவிடுமோ என்று, அந்த அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்தியவள் கோமளமேதான். "தூங்கறார்" என்றாள். வீடு பிடித்துப்போய் அவர்கள் கிளம்பியபிறகு கதவைத் திறந்தால் உயிர் இல்லை; சேதி கேட்டு மதியமே இருவரும் மாலையோடு வந்து நின்றார்கள்.

"பதினொரு மணி இருக்கும், இல்லியாம்மா?" என்றான் ஸ்ரீவத்சன். "அப்போ நீ கஞ்சி குடுத்துண்டு பக்கத்துலதானே இருந்தே."

நல்ல பிள்ளை. விற்பதற்கு ஒரு வீடும், கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் இருந்தாள் என்கிற பெயரும் அம்மாவுக்கு ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டான். அவள் தலையை ஆட்டினால் போதும்.

"இல்லேடா. பதினொன்றரைக்கு அவர் இருந்தார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தலைமாட்டுல பூஜை மணி வெச்சிருக்கேனே, ஏதாவது வேணும்னா அடிப்பாரே. அடிச்சார். நீ தனபாலனைக் கீழே கார் பார்க்கிங் காட்டக் கூட்டிண்டு போயிருந்தே. நானும் புஷ்பமும் மொட்டைமாடியில கோபுரம் பாத்துண்டிருந்தோம். இவா கோயில் மணியான்னு கேட்டா." கோமளம் வேட்டி நுனியை மறுபடி பாதத்தின் மேல் இழுத்துவிட்டாள். "ஆமாம்னேன்."

ஸ்ரீவத்சன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அதையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

புஷ்பம் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "பதினொன்றரை ஆச்சே, உச்சிகால பூஜையாம்மான்னு நான்தான் கேட்டேன்" என்றாள் மெதுவாக. "வீடு வரைக்கும் கேக்குதேன்னு சந்தோஷப்பட்டேன்."

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தை மூடினார். "அவிட்டம்" என்றார்.

நாலு மணிக்குச் சுப்பராமனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். லிஃப்ட் அவரைப் படுத்தவாக்கில் ஏற்றிக்கொள்ளாது; ஐந்து மாடியும் படிதான். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, ஆட்கள் நின்று, மறுபடி மூடியது.

மருமகள் சாருலதா பூட்டோடு வந்தாள். "பூட்டிடட்டுமா அம்மா?"

"இரு."

அந்த அறைக்குள் போய், கோமளம் குனிந்து கட்டிலடியில் துழாவினாள். மணி சுவரோரம் வரை உருண்டு போயிருந்தது. அதன் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாருலதா பூட்டிவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். கூடத்தை யாரோ கழுவத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் காலை நனைத்துக்கொண்டு போக, கோமளம் அங்கேயே நின்றாள், மணியின் நாக்கிலிருந்து விரலை எடுக்காமல்.