மேசைக்கடியில் ஒரு கை

நான் யோக்கியன் இல்லை. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நவூமும் நானும் மாஸ்கோவில் ஒரே அறையில் தங்கி ஓவியம் தீட்டியவர்கள். போன மார்ச்சில் ஆற்றங்கரையில் அருகருகே நின்று, உருகும் பனியை ஆளுக்கொரு படமாகத் தீட்டினோம். அவன் தீட்டிய பனியைத் தொட்டால் விரல் நனையும்போல இருந்தது. என்னுடையது சுவருக்கு அடித்த சுண்ணாம்பு.

நவூம் யூதன். யூதர்கள் நகரத்தை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அவன் படம் கண்காட்சியில் இடம்பெற்றால் கவர்னரிடம் பேசி அவனை இங்கேயே இருக்க வைப்பதாக ஒரு ஜெனரலின் மனைவி வாக்குக் கொடுத்திருந்தார். அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

தேர்வுக்குழுவில் நாங்கள் பதினொரு பேர். ஆறு பேர் கை தூக்கினால் படம் தேறும். என் படம் முதலிலேயே தேறிவிட்டது. அடுத்து அவனுடையதை வைத்தார்கள். ஐந்து கைகள் எழுந்தன.

தலைவர் லுக்யான் கார்ப்பவிச் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா போர்ஃபிரி, உன் கூட்டாளி படம்தானே? கை வலிக்குதா?"

இரண்டு படமும் ஒரே சுவரில் தொங்கினால் என்னை யார் பார்ப்பார்கள்? கை மேசைக்கடியிலேயே கிடந்தது.

நகரத்தை விட்டுக் கிளம்பிய நவூமுக்கு ரயில் நிலையத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

"அஞ்சு கையாமே. அதுல ஒண்ணு உன்னோடதுன்னு தெரியும்டா," என்றான். "மத்த நாலு பேருக்கும் நன்றி சொல்லிடு."

தலையாட்டினேன். ஆட்டித் தொலைத்தேன்.

"இன்னொண்ணு. உன் பனியில வெள்ளை ஜாஸ்தி. நிழல்ல கொஞ்சம் ஊதா போடு. வார்னிஷ் பூசற அன்னிக்குக்கூடப் போடலாம்."

கண்காட்சி திறப்பதற்கு முந்தைய நாள் எல்லோரும் தத்தம் படத்துக்குக் கடைசி முறை தூரிகை வைத்து வார்னிஷ் பூசுவோம். அன்று ஊதா போட்டேன். கால் மணி நேர வேலை. என் பனி உருகத் தொடங்கியது.

லுக்யான் கார்ப்பவிச் வந்து வெகுநேரம் பார்த்தார். "அடப்பாவி, இத்தனை நாள் இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?"

நவூம் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் கை குலுக்க வந்தார்கள். அந்தக் கையைத்தான் நீட்டினேன்.